நீட்டில் 318: மகளுக்கு இனி என்ன வழி? பெங்களூர்க்காரர்கள் சொல்லுங்கள்

மர்பிடவுன்_அப்பா
15 ஜூன் 2025, இரவு 11:20

வணக்கம். என் பெண்ணுக்கு நீட்டில் 720க்கு 318 வந்திருக்கிறது. அகில இந்திய ரேங்க் நாலரை லட்சத்தை ஒட்டி. நேற்று ரிசல்ட்டில் 'குவாலிஃபைடு' என்று இருந்ததைப் படித்துச் சொன்னதும் என் அம்மா தெருவில் நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். அப்புறம்தான் மச்சினன் மகன் போன் செய்தான். "மாமா, அது கவுன்சலிங்கில் பெயர் கொடுக்கலாம் என்கிற தகுதி மட்டும்தான், சீட் கிடைத்தது என்று அர்த்தமில்லை" என்றான். இன்று காலை பால் வாங்கப் போனால் எந்தக் காலேஜ் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. பெண் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். இருபதுக்கு முப்பது சைட்டில் சொந்த வீடு, அப்பா கட்டியது. பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். பெண் ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) வரை பெங்களூரில்தான் படித்தாள்.

நேற்று இரவுக்குள் ஏழு போன் வந்துவிட்டது. ஒருவர் மேனேஜ்மென்ட் சீட் எண்பது லட்சம் பேக்கேஜ் என்கிறார். இன்னொருவர் ஜார்ஜியா, முப்பது லட்சத்தில் டாக்டர் என்கிறார். எல்லோரும் என் பெண்ணின் பெயரையும் மார்க்கையும் சரியாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த மார்க்குக்கு உண்மையில் என்ன வழி இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி_ஜோதி
16 ஜூன் 2025, காலை 6:50

அண்ணா, முதலில் பெண்ணை எழுப்பி ஒரு தோசை சாப்பிட வையுங்கள். இரண்டு வருடம் முன்னால் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான்.

அவளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மார்க்கைப் போன வருட மார்க்கோடு ஒப்பிடக் கூடாது. 2024இல் 600 எடுத்தவர்களுக்கு ரேங்க் எண்பதாயிரத்தை ஒட்டி வந்தது. இந்த வருடம் இந்தியாவிலேயே முதல் மார்க் 686தான். 650க்கு மேல் எடுத்தவர்கள் 73 பேர், 601இலிருந்து 650 வரை 1,259 பேர். அதாவது போன வருடம் எண்பதாயிரமாவது இடத்தில் இருந்த மார்க்குக்கு இந்த வருடம் முதல் ஒன்றரை ஆயிரத்துக்குள் இடம். பிசிக்ஸ் பகுதி அவ்வளவு கடினமாக இருந்தது. அதனால் பழைய கட் ஆஃப் பட்டியலில் மார்க்கைத் தேடாதீர்கள், ரேங்க்கைத் தேடுங்கள்.

ஆனால் பொய்யான நம்பிக்கையும் கொடுக்க விரும்பவில்லை. இந்த வருடம் எழுதியவர்கள் 22 லட்சம் பேர். தகுதி என்று வந்தவர்கள் 12 லட்சத்துக்கு மேல், பொதுப்பிரிவுக்கு 144 எடுத்தாலே தகுதி. எம்.பி.பி.எஸ். இடமோ நாடு முழுக்கச் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம். நாலரை லட்சம் ரேங்குக்கு அரசு இடம் பொதுப்பிரிவில் வராது. அதைச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டால் மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

மல்லேஸ்வரம்_கண்ணன்
16 ஜூன் 2025, காலை 9:15

சார், நான் சில வருடங்களாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் படிவம் போட்டுத் தருகிறேன். காசு வாங்குவதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு இரண்டு. ஒன்று கே.ஈ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்), நம்ம மல்லேஸ்வரத்தில் இருப்பதுதான், கர்நாடக மாநில இடங்களுக்கு. இன்னொன்று டெல்லியிலிருந்து ஆன்லைனில் நடத்தும் எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு); அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய இடங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களும் அதில்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.யூ.சி.க்குள் ஏழு முழு ஆண்டு இங்கே படித்திருப்பதால் உங்கள் பெண்ணுக்குக் கர்நாடகத் தகுதியில் சிக்கல் இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா, பூர்வீகம் எது என்பதெல்லாம் அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. ஸ்டடி சர்டிஃபிகேட்டை மட்டும் பள்ளியிலும் பி.யூ. காலேஜிலும் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் கிளார்க் லீவில் போய்விட்டார் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கே.ஈ.ஏ. பட்டியலில் ஜி, பி, என், கியூ என்று எழுத்துகள் வரும். ஜி என்றால் அரசு இடம், தனியார் கல்லூரிக்குள்ளும் இது உண்டு, கட்டணம் குறைவு. பி என்றால் தனியார் இடம், ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். என் என்பது என்.ஆர்.ஐ. இடம், கியூ மற்ற மேனேஜ்மென்ட் இடம்; இரண்டும் அதற்கும் பல மடங்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். நாலரை லட்சம் ரேங்குக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கும் என்றால் அது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைகளில்தான். 'மார்க் குறைவு, ஆனாலும் சீட் உண்டு' என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது உங்கள் வீட்டின் விலையை.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். திருப்பத்தூர் தாசில்தார் கொடுத்ததை வைத்துக்கொண்டு கே.ஈ.ஏ.வுக்குப் போகாதீர்கள், இங்கே செல்லாது. கர்நாடகப் பட்டியலில் உங்கள் சாதி எந்தப் பிரிவில் வருகிறது, உங்களுக்கு அது பொருந்துமா என்பதை நாடகச்சேரியில் (இங்கே சான்றிதழ் கொடுக்கும் வருவாய்த் துறை அலுவலகம்) விசாரியுங்கள். ஆர்.டி. நம்பர் (அந்த அலுவலகம் தரும் சான்றிதழ் எண்) போட்ட சான்றிதழ் இருந்தால்தான் கணினி ஏற்கும்.

கேஆர்புரம்_மணி
16 ஜூன் 2025, மதியம் 1:05

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். அண்ணா, நான் ஒன்று சொல்கிறேன். வீடு இன்று இருக்கும், நாளை விற்றாலும் வாங்கலாம். பெண் டாக்டரானால் அந்தப் பெயர் சாகும்வரை இருக்கும். என் அண்ணன் ஓசூர் நிலத்தைக் கொடுத்துப் பையனைச் சேர்த்தார். இன்று அவன் டாக்டர். நிலம் போனதை அண்ணன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. பிள்ளைக்கு இல்லாத சொத்து யாருக்கு?

வார்டு_டாக்டர்
16 ஜூன் 2025, இரவு 10:40

மணி சார் மனதாரச் சொல்கிறார் என்று தெரிகிறது. உங்கள் அண்ணனிடம் இருந்தது கூடுதலாக ஒரு நிலம். இங்கே பேசுவது குடியிருக்கிற ஒரே வீட்டை. இரண்டும் ஒன்றல்ல.

நான் இந்த ஊரில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். டியூட்டி முடிந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கோடி ரூபாயைப் பத்து சதவீத வட்டிக்குப் பத்து வருடத் தவணையில் எடுத்தால் மாதம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் கட்ட வேண்டும். எம்.பி.பி.எஸ். நான்கரை வருடம், அதன்பின் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். வெளியே வந்ததும் யாரும் அந்தச் சம்பளம் தரமாட்டார்கள். பிறகு முதுநிலைக்கு மறுபடி ஒரு நீட், அங்கே கிடைத்தால் இன்னும் மூன்று வருடம். எங்கள் பேட்சில் கடன் வாங்கிப் படித்த ஒரு பெண் இருந்தாள். ஹவுஸ் சர்ஜன் முடித்ததும் படிக்க நேரமில்லாமல் மூன்று கிளினிக்கில் இரவு டியூட்டி பார்த்தாள். காலையில் கேன்டீனில் இட்லித் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவாள். முதுநிலைத் தேர்வை அவள் மூன்று வருடம் எழுதவே இல்லை. கெட்டிக்காரி. கடன்தான் அவளை உட்கார விடவில்லை.

வீட்டை விற்றுச் சேர்க்காதீர்கள். இதை டாக்டராகச் சொல்வதைவிட, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையாகச் சொல்கிறேன்.

பிஷ்கெக்_திரும்பியவன்
17 ஜூன் 2025, காலை 7:30

ஜார்ஜியா போன் வந்தது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் கிர்கிஸ்தானில் படித்தேன். இப்போது பதிவு பெற்ற டாக்டர்தான், ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.ஈ. தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினேன்.

அந்தத் தேர்வு 300 மார்க்குக்கு, 150 எடுத்தால் போதும். கேட்பதற்குச் சுலபம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பெரும்பாலான சுற்றுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஏன் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் வருடம் வார்டில் பதினைந்து பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்போம். பேராசிரியர் ஒரு பாட்டியிடம் ரஷ்ய மொழியில் பத்து நிமிடம் பேசுவார். பாட்டி கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார், அழுவார், சிரிப்பார். அப்புறம் பேராசிரியர் எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மருத்துவம் இருந்தது, எங்களுக்குக் கிடைத்தது இரண்டு வரி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம், நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். மொழியை முதல் வருடமே வெறியோடு படித்த இரண்டு பையன்கள் முதல் முறையே தேறினார்கள்.

விதிகளும் இறுகிவிட்டன. 2021 நவம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு பெறும் தகுதி, இவ்வளவும் இருக்க வேண்டும். திரும்பி வந்து இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. ஏஜென்ட்டிடம் இந்த ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள். அவசரமும் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு இந்த நீட் தகுதி மூன்று வருடம் செல்லும். 'இந்த வாரமே பணம் கட்டு' என்பது அவர்களுடைய அவசரம்.

விவேக்நகர்_ஸ்டெல்லா
17 ஜூன் 2025, காலை 11:10

ஒரு பக்கம் மட்டும் சொல்ல வேண்டாம் தம்பி. என் மகள் ஜார்ஜியாவில் நான்காம் வருடம். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் நாங்கள் அனுப்புவதற்கு முன் அங்கே படித்து முடித்து இங்கே தேறிய மூன்று பேரைத் தேடிப்பிடித்து நேரில் பேசினோம். தினமும் இரண்டு மணி நேரம் இந்தியப் பாடப் புத்தகத்தைத் தனியாகப் படிக்கிறாள். காசும் முப்பது லட்சத்தில் நிற்கவில்லை. டிக்கெட், விசா, குளிருக்குத் துணி, தங்குமிடம் என்று ஏறிக்கொண்டே போகிறது. தானாகப் படிக்கிற பிள்ளை என்றால் அனுப்பலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிக்கும் என்றால் வேண்டாம்.

பெயர்_வேண்டாம்
17 ஜூன் 2025, இரவு 9:55

இதை எங்கள் சொந்தக்காரர்களிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. 2022இல் மெஜஸ்டிக் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்கக் காலேஜ் படங்கள், லேமினேட் செய்தது. ஏ.சி. ஓடுகிறது, ஒரு பெண் பாதாம் பால் கொண்டுவந்து வைக்கிறாள். என் மகனின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "சார், இது நேரடி மேனேஜ்மென்ட் கோட்டா, கவுன்சலிங் வேண்டாம்" என்றார். மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தேன், ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. அட்மிஷன் லெட்டர் என்று ஒரு தாள், முத்திரையோடு. அதை எடுத்துக்கொண்டு காலேஜ் வாசலுக்குப் போனபோது செக்யூரிட்டியே சொல்லிவிட்டார், இந்த வருடம் இப்படி வரும் ஐந்தாவது ஆள் நீங்கள் என்று. மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திரும்பி வந்து பார்த்தால் ஆபீஸ் பூட்டு.

மேனேஜ்மென்ட் சீட்டோ, என்.ஆர்.ஐ. சீட்டோ, நிகர்நிலையோ, எம்.பி.பி.எஸ். இடம் எதுவானாலும் நீட் ரேங்க்படி கவுன்சலிங் வழியாக மட்டும்தான். கவுன்சலிங் இல்லாத சீட் என்று ஒன்று கிடையாது. இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மர்பிடவுன்_அப்பா
17 ஜூன் 2025, இரவு 11:30

பெயர் வேண்டாம் சார், மனது கனத்துவிட்டது. உங்கள் மகன் இப்போது என்ன செய்கிறார்? நான் நாளைக்கு அப்படி ஒரு ஆபீசுக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். நன்றி.

பெயர்_வேண்டாம்
18 ஜூன் 2025, காலை 6:15

பி.பி.டி. மூன்றாம் வருடம் சார், பிசியோதெரபி. போன மாதம் என் அம்மாவின் முழங்காலுக்கு அவனேதான் பயிற்சி சொல்லிக் கொடுத்தான்.

இரண்டாம்முறை_எழுதியவள்
18 ஜூன் 2025, மாலை 5:40

அங்கிள், நான் 2023இல் 341, ரேங்க் மூன்று லட்சத்துக்கு அப்பால். அடுத்த வருடம் 589, தொண்ணூறாயிரத்தை ஒட்டி. இங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் ஜி சீட்டில் படிக்கிறேன். 2024இல் எல்லோருக்குமே மார்க் ஏறியது என்பதால் 248 மார்க் கூடிவிட்டது என்று நான் பெருமை பேசமாட்டேன். ரேங்க் முன்னேறியது உண்மை.

ரிப்பீட் செய்யலாமா, அதாவது ஒரு வருடம் படித்து மறுபடி எழுதலாமா என்பதை 318ஐ வைத்துச் சொல்ல முடியாது. அந்த 318 எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். அவளிடம் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலும் விடைக்குறிப்பும் இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை விட்டாள் என்று எண்ணச் சொல்லுங்கள். அவளே எண்ணட்டும், நீங்கள் எண்ணாதீர்கள்.

மர்பிடவுன்_அப்பா
19 ஜூன் 2025, இரவு 10:05

இன்று உட்கார்ந்து எண்ணினாள். முதலில் மாட்டேன் என்றாள், அப்புறம் தானாகவே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள்.

பயாலஜி 90 கேள்வியில் 62 சரி, 22 தப்பு, 6 விட்டது. மார்க் 226. கெமிஸ்ட்ரி 45இல் 20 சரி, 20 தப்பு, 5 விட்டது. மார்க் 60. பிசிக்ஸ் 45இல் 13 சரி, 20 தப்பு, 12 விட்டது. மார்க் 32.

இரண்டாம்முறை_எழுதியவள்
19 ஜூன் 2025, இரவு 11:15

அங்கிள், இதைப் பார்த்ததும் என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. அவள் மொத்தம் 95 கேள்வி சரியாகப் போட்டிருக்கிறாள், அதற்கு 380. தப்பு 62, அதற்கு 62 மார்க் போய்விட்டது. அந்த 62இல் பாதியாவது குருட்டாம்போக்கில் போட்டதாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதைத் தொடாமல் விட்டிருந்தாலே 350ஐ ஒட்டி வந்திருக்கும். ஆனால் அது மட்டும் சீட் தராது. பிசிக்ஸ் 32 என்பதுதான் நோய்.

பயாலஜியில் 62 சரி என்றால் என்.சி.ஈ.ஆர்.டி. புத்தகத்தை வரிவரியாகப் படித்திருக்கிறாள், உழைக்கிற பெண். பிசிக்ஸில் கணக்கு வரவில்லை. எனக்கும் அதேதான். நான் முதல் இரண்டு மாதம் பெரிய கோச்சிங் எதற்கும் போகவில்லை. எங்கள் பி.யூ. காலேஜின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பதினோராம் வகுப்பு மெக்கானிக்ஸ் மட்டும் உட்கார்ந்து போட்டேன். வெக்டர் எனக்கு அடிப்படையிலேயே புரியவில்லை என்று அங்கேதான் கண்டுபிடித்தோம். ரிப்பீட் பேட்சில் சேர்ந்தால் முதல் நாளே எலெக்ட்ரோஸ்டேடிக்ஸுக்குப் போய்விடுவார்கள். ஓட்டையோடு ஓடுவதுதான் நடக்கும்.

ஒரு வருடம் என்றால் ஒரே வருடம். தேதி குறித்துவிட்டு ஆரம்பியுங்கள். வயது உச்சவரம்போ எத்தனை முறை என்ற வரம்போ நீட்டில் இல்லை என்பதால் மூன்று, நான்கு என்று போனவர்கள் என் பழைய ஹாஸ்டலில் இருந்தார்கள். நான்காவது முறை எழுதிய ஓர் அக்கா யாரோடும் பேசமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அல்சூர்_வேலு
20 ஜூன் 2025, காலை 8:20

தமிழ்நாடு பக்கம் முயற்சி செய்யலாமே? பூர்வீகம் திருப்பத்தூர் என்கிறார். அங்கே அரசுக் கல்லூரிகள் அதிகம்.

மல்லேஸ்வரம்_கண்ணன்
20 ஜூன் 2025, காலை 10:30

வேலு சார், வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே இருப்பிடச் சான்று, பெற்றோரின் படிப்புச் சான்று என்று தனி ஆவணங்கள் கேட்பார்கள். ஒரே பிள்ளை இரண்டு மாநிலத்திலும் 'நான் இந்த மாநிலம்' என்று சொல்லிக்கொள்ள முடியாது, பிடிபட்டால் இருக்கிற இடமும் போகும். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு. இந்தப் பெண்ணுக்கு அது இல்லை. அது போக, தமிழ்நாட்டில் போட்டி இங்கேயைவிடக் கடுமை. நான் அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க மாட்டேன்.

எம்.சி.சி.யில் பதிவு செய்யும்போதும் கவனம். நிகர்நிலைப் பெட்டியில் டிக் அடித்தால் இரண்டு லட்சம் வைப்புத்தொகை. இரண்டாம் சுற்றில் இடம் ஒதுக்கிப் போகாமல் விட்டால் அது திரும்பாது. 'சும்மா பார்ப்போம்' என்று போட்டு இழந்தவர்கள் உண்டு.

பல்டாக்டர்_பிரேமா
20 ஜூன் 2025, மாலை 4:00

பி.டி.எஸ். பற்றி யாரும் பேசவில்லையே. கர்நாடகாவில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் நிறைய, ஜி இடங்கள் கடைசிச் சுற்றுகளில் பின்னால் உள்ள ரேங்க் வரை இறங்குவது உண்டு. கே.ஈ.ஏ. தளத்தில் போன வருடக் கடைசி ரேங்க் பட்டியல் கிடைக்கும், ரேங்க்கை வைத்துத் தேடுங்கள். நான்கு வருடம், ஒரு வருடப் பயிற்சி. ஆனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காத துக்கத்தில் மட்டும் இதற்கு வரவேண்டாம். இது கைவேலை. ஒரு வேர் சிகிச்சைக்கு முக்கால் மணி நேரம் அரை சென்டிமீட்டர் இடத்துக்குள் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அது பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொழில் இல்லை. சொந்தக் கிளினிக் வைக்க முதல் வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பம்ப்_அக்கா
21 ஜூன் 2025, இரவு 9:10

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பெயரே தெரியாது, அதனால் சொல்கிறேன். பி.எஸ்சி. பெர்ஃப்யூஷன் டெக்னாலஜி, ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ். நான் படித்தபோது மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. நீட் மார்க் தேவைப்படவில்லை.

இதய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே தைப்பார்கள். அந்த நேரம் முழுக்க நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பும் மெஷினை ஓட்டுவது நான். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அப்புறம் ஒரு துளி ரத்தத்தை எடுத்து ஏ.சி.டி., அதாவது அது உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். எங்கள் இடத்தில் அது 480 நொடியைத் தாண்டினால்தான் பம்பை ஓட்டுவேன். அதற்கு முன்னால் ஓட்டினால் மெஷினுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும்.

நானும் நீட்டில் தோற்றவள்தான். முதல் வருடம் வெட்கப்பட்டேன். எதிரே எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு போகும்போது வேறு பக்கம் பார்ப்பேன். முதல் முறை தனியாக ஒரு குழந்தையின் கேஸ் ஓட்டி, கிளாம்பை எடுத்ததும் அந்தச் சின்ன இதயம் தானாக அடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வெட்கம் வரவில்லை. சம்பளத்தில் டாக்டரோடு போட்டி போட முடியாது, இரவில் அவசரம் என்றால் ஓட வேண்டும், அதையும் மறைக்கவில்லை.

ஜாலஹள்ளி_ஜோதி
22 ஜூன் 2025, காலை 7:00

அண்ணா, ஒரு வாரமாகப் பேசுகிறோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

மர்பிடவுன்_அப்பா
22 ஜூன் 2025, இரவு 10:45

இல்லை அம்மா. கேட்கவில்லை. இந்த இழை முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பக்கம் இரண்டு பேரும் நடந்துவிட்டு வந்தோம். வீட்டை விற்கப் போவதில்லை என்று சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். ஏமாற்றம் என்று நினைத்தேன். இல்லையாம். விற்றுவிடுவோமோ என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தாளாம்.

மர்பிடவுன்_அப்பா
28 ஜூன் 2025, மாலை 6:20

வணக்கம், அப்பாவின் கணக்கிலிருந்து அவர் மகள் எழுதுகிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். 62 தப்பில் 35 நான் யூகத்தில் போட்டதுதான். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் காலியாக விடப் பயமாக இருந்தது.

ரிப்பீட் பற்றி இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வரை பதினோராம் வகுப்பு பிசிக்ஸ் மட்டும். எங்கள் பழைய சாரிடம் கேட்டேன், சரி என்றார். அதற்குள் கணக்கு வர ஆரம்பித்தால் 2026 மே வரை, ஒரே முறை. வராவிட்டால் இழுக்க மாட்டேன். பி.டி.எஸ். எனக்கு வேண்டாம், பிரேமா மேடம் எழுதியதைப் படித்த பிறகு அது தெளிவாகத் தெரிந்தது, அதற்கு நன்றி. துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்பத்தை விடாமல் போட்டு வைக்கப் போகிறேன், கண்ணன் அங்கிள் படிவம் பார்த்துத் தருகிறேன் என்றார். பாட்டிக்கு மட்டும் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பம்ப் அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. ஏ.சி.டி. 480 வருவதற்குள் சர்ஜன் அவசரப்படுத்தினால் என்ன செய்வீர்கள்?

பம்ப்_அக்கா
28 ஜூன் 2025, இரவு 9:35

ஓட்டமாட்டேன் என்று சொல்வேன் தங்கம். நெஞ்சு திறந்திருக்கும், அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் ஹெப்பாரின் கொடுக்கச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். அந்த மூன்று நிமிடத்தில் குழாய்களில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று விரலால் தட்டித் தட்டி இன்னொரு முறை பார்த்துவிடுவேன்.

எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள், ஆனால் கேஸ் இல்லாத ஒரு சனிக்கிழமை மெஷினைக் காட்டலாம் என்றார். தனிச்செய்தியில் இடத்தையும் நேரத்தையும் அனுப்புகிறேன். அப்பாவோடு வா. அடையாள அட்டை எடுத்துக்கொள், வாசலில் கேட்பார்கள்.